நலன் முரண்பாடு: ஏதுமில்லை

தலைவலி வந்தால்கூட நான் மாத்திரை போடுகிறவன் இல்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்தால் சரியாகிவிடும். விசாரணைக் குழுவினரான நீங்கள் என்னைப் பற்றி முதலில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

புதிய மூட்டுவலி மாத்திரை ஒன்றைப் பரிசோதிக்கும் ஆய்வு என் பொறுப்பில் நடந்தது. அதைத் தயாரித்தது என் மனைவியின் தம்பி நடத்தும் கம்பெனி. ஆய்வுச் செலவு அவனுடையது. கம்பெனியில் என் மனைவிக்கும் பங்கு உண்டு. கட்டுரையை அனுப்பும்போது ஆய்விதழ்க்காரர்கள் வழக்கம்போல் கேட்டார்கள்: நிதி தந்தது யார், இதில் உங்களுக்குச் சொந்த நலன் ஏதும் உண்டா? என் உதவியாளர் கெட்டிக்காரப் பெண். தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தாள்.

"சார், உங்க மச்சினர் கம்பெனின்னு போட்டுடலாமே?"

"போட்டா, படிக்கிறவங்க சந்தேகக் கண்ணோடயே படிப்பாங்கம்மா," என்றேன். 'ஏதுமில்லை' என்று நானே தட்டச்சு செய்தேன்.

நோயாளிகளில் இருவருக்குக் கல்லீரல் கெட்டிருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் என்று சொல்லி அவர்களை ஆய்வுக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன். ஒழுங்காகத்தான் சாப்பிட்டார்கள்.

கட்டுரை நல்ல பெயர் வாங்கியது. மருத்துவர்கள் அந்த மாத்திரையை எழுதத் தொடங்கினார்கள். ஒருநாள் அக்கா போனில் கூப்பிட்டாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள். தையல் மிஷினை மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோனவள்.

"டேய், நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் எங்க டாக்டர் இந்த மாத்திரையைக் குடுத்திருக்காரு. என் தம்பி சோதிச்சதுன்னு பெருமையா சொல்லிக்கிட்டேன். போடலாம்லடா?"

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். காரணத்தைத் தன் டாக்டரிடம் சொல்வாள். அவர் சும்மா இருக்க மாட்டார்.

"போடுக்கா. சாப்பிட்டுட்டுப் போடு."

அடுத்த முறை பார்த்தபோது அவள் கண் மஞ்சளித்திருந்தது. வெயிலில் அலையாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். நினைவு தப்பி விழுந்த அன்று நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அவள் தலைமாட்டிலிருந்து எடுத்த மாத்திரை அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. "எதுவும் இல்ல," என்றேன். உண்மை தெரிந்திருந்தால் காப்பாற்ற அவர்களுக்கு வழி இருந்தது. அது எனக்குத் தெரியும். அக்கா அதன் பிறகு கண் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. அக்காவின் தையல் கடை இருக்கும் தெருவில் நடக்க முடிவதில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்து உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மாத்திரையின் பக்கவிளைவுகளைப் பற்றி அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டாம் கட்டுரையில் அக்காவின் சாவு ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அவள் என் கூடப் பிறந்தவள். சொந்தக்காரர்களை ஆய்வுக்குள் கொண்டுவந்தால் நடுநிலை கெட்டுவிடும். அந்த விஷயத்தில் மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.