ஞாயிற்றுக்கிழமை கணக்கில் இல்லை

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பெண்கள் மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறி, எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலையைக் கையில் சுற்றியிருந்த இளையவள் சொன்னாள்:

"அக்கா, நான் திட்டலன்னுதான் அவரு வூட்ட வுட்டுப் போயிட்டாரு."

"இன்னாடி சொல்ற?"

"ஈஸ்டர் வந்து தபசு காலம் முடியறவரைக்கும் புருசனத் திட்டறதில்லன்னு நேந்துக்கினேன். வேலைக்குப் போவாம சீட்டாடிட்டு வந்தாரு. ஒண்ணும் சொல்லாம சோறு போட்டேன். ரெண்டு வாரம் பாத்தாரு. 'நான் எப்படிப் போனா உனக்கென்ன'ன்னு அச்சரப்பாக்கத்துல அவரு தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டாரு."

"நேந்துக்கினத அவராண்ட சொல்றதுதானே?"

"வெளிய சொன்னா பலன் போயிடும்னு இருந்துட்டேன்."

"இப்ப போயி இன்னா பண்ணுவ?"

"பூசை வச்ச சாமியாரக் கேட்டேன். ஞாயித்துக்கிழம தபசு கணக்குல சேராதுன்னாரு. அதான் இன்னிக்கே போயி நல்லாத் திட்டி இட்டாரலாம்னு."

பெரியவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"ஏறனதுலேந்து நெனச்சுப் பாத்துகினு வர்றேன்க்கா. திட்டறதுக்கு ஒண்ணும் வாயில வர மாட்டுது. சாப்ட்டியான்னுதான் வருது."