பக்கத்து நாற்காலி

இந்தக் காவல் நிலையத்துத் தேநீர் போன தடவையைவிடப் பரவாயில்லை, சார்ஜென்ட். போன தடவை பால் திரிந்திருந்தது. அன்றைக்கு நான் அந்த ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நடு நாற்காலி. இங்கிருந்து சன்னல் தெரிகிறது. நல்ல இடம்தான்.

ஏன் சிரிக்கிறேன் என்று கேட்காதீர்கள். சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

படிப்பிலிருந்து தொடங்குகிறேன். இளைஞர் மற்றும் சமூகப் பணியில் முதுகலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். உருக்காலை மூடியதிலிருந்து அப்பா சோபாவில். அம்மா கோழி வெட்டும் ஆலையில். மேற்படிப்பு என்றதும் அம்மா கேட்டாள்: "பசங்களோட பிங்பாங் ஆடுறதுக்கு ரெண்டாவது பட்டம் வேணுமாடீ, கோர்ட்னி?" வேண்டும் என்றேன். என்னோடு படித்தவர்கள் கையில் நுரைக் காப்பியோடு வறுமையைப் பற்றி அழகாகப் பேசுவார்கள். 'பின்தங்கிய பகுதி' என்று அவர்கள் படம் போட்டுக் காட்டியதில் ஒன்று என் அம்மா வீட்டுத் தெரு. குப்பைத்தொட்டி எங்களுடையது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு குறிப்பெடுத்தேன்.

களப்பயிற்சிக்கு என்னை பிராக்கன் ஹில்லுக்கு அனுப்பினார்கள். பழைய தேவாலயக் கூடத்தில் நடக்கும் இளைஞர் கிளப். கூரை ஒழுகும். பிங்பாங் மேசைக்கு மூன்று கால். நான்காவதற்குப் பதில் பெயின்ட் டப்பா. வெள்ளிக்கிழமை மாலை பாலாடைக்கட்டி வழியும் கோழிப் பார்மோ ஒன்றை வாங்கி எல்லோரும் பிய்த்துத் தின்பார்கள். பொறுப்பாளர் கிரெய்க்குக் கிண்டல்தான் முழுநேர வேலை. "வாம்மா பேராசிரியரே, கக்கூஸ் அடைச்சிருக்கு, எந்தத் தத்துவத்தை வெச்சுக் குத்துறதுன்னு பாத்துச் சொல்லு" என்பார். நான் குத்தினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்றைக்கே அந்த இடம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

டார்சியும் அன்றைக்குத்தான் அறிமுகம். பதினைந்து வயது. வாத்தியார் மேல் நாற்காலி எறிந்ததற்காகப் பள்ளியிலிருந்து துரத்திவிட்டிருந்தார்கள். என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீ எவ்வளவு நாள் இருப்ப? வர்றவங்க எல்லாரும் மார்க் வாங்கிட்டுப் போயிருவாங்க" என்றாள். நான் போக மாட்டேன் என்றேன். போகவும் இல்லை, பாருங்கள்.

பிறகு, கிளப்புக்குப் பணம் தரும் நகரக் கவுன்சிலிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கிளப்பை மூடப் போகிறார்களாம். "உங்க பிள்ளைங்க ரொம்ப நல்ல பிள்ளைங்க, கிரெய்க். அதான் பிரச்சனையே. ஹோம்வுட்ல தேவை அதிகம்" என்றார். பக்கத்துப் பகுதியான ஹோம்வுட்டின் பிள்ளைகள் பஸ் நிழற்குடையை இரண்டு முறை கொளுத்தியவர்கள். அவர்களுக்குக் குத்துச்சண்டை மேடை, ஏறு சுவர், சிறு பேருந்து எல்லாம் வந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு பெயின்ட் டப்பா. தேவை எங்கே தெரிகிறதோ அங்கேதான் வளம் போகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் கவனமாகக் கேட்கிற மாணவி.

முதலில் ஒரு குப்பைத்தொட்டி. சக்கரம் வைத்த பச்சைத் தொட்டி. மாலை வெளிச்சத்திலேயே செய்தேன். பிளாஸ்டிக் எவ்வளவு அழகாக உருகுகிறது தெரியுமா? தீயணைப்பு வண்டி வந்தது, பிள்ளைகள் ஓடி வந்தார்கள், யாரோ பாட்டு வைத்தார்கள், கிரெய்க்கே ஆடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்து கடைக்குப் பின்னால் கிடந்த பழைய மெத்தைகள். அந்த வாரமே கவுன்சில் அம்மாள் திரும்ப வந்தார், முகத்தில் கவலையோடு. மூடும் பேச்சு தள்ளிப்போனது. மேசைக்கு நான்காவது கால் வந்தது. டார்சி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இவனுக்கு நைஜல்னு பேரு வெப்போம்" என்றாள். இவ்வளவு சுலபமாக ஒரு நல்ல காரியம் நடந்து நான் பார்த்ததே இல்லை.

மூன்றாவது, கூடத்துக்குப் பின்தெருவில் புறா வளர்க்கும் டெரெக்கின் கூண்டு. காலி என்றுதான் நினைத்தேன். சரி, உங்களிடம் மறைப்பானேன், காலி என்று நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே சிறகடிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் தொட்டியையும் மெத்தையையும் எத்தனை நாள் கணக்கில் எடுப்பார்கள்? கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. டெரெக் தாழ்ப்பாளைத் திறக்கப் போனது என் திட்டத்தில் இல்லை. தீயில் காய்ந்த இரும்புத் தாழ்ப்பாள். அவர் கைகளைப் பற்றி மருத்துவர் சொன்னதை நீங்கள் ஏற்கனவே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள், இன்னொரு முறை வேண்டாம்.

அவருக்கு உதவ ஓடியவள் டார்சி. நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் கையில் பெட்ரோல் கேன் இருந்தது.

அவள் உடம்பெல்லாம் புகை நாற்றம், பையில் லைட்டர், பள்ளியில் கெட்ட பெயர். நீங்கள் அவளைப் பிடித்தது இயற்கைதான், நான் குறை சொல்லவில்லை. பதினெட்டு வயதாகாத பிள்ளையை விசாரிக்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அவள் அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. நீங்கள் கிளப்பைக் கூப்பிட்டீர்கள். அந்தப் பயிற்சி எனக்கு இருந்தது. சான்றிதழோடு வந்தேன்.

விசாரணை அறைக்குள் போகுமுன் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ உள்ள போயிட்டா கிளப்ப மூடிருவாங்கல்ல?"

"அநேகமா" என்றேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது.

"நான் போனா?"

"அப்ப இன்னும் கவனிப்பாங்க."

எங்கள் தொழிலின் முதல் பாடம், பிள்ளை தானாக வர வேண்டும், இழுத்து வரக்கூடாது. நான் அவளை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. வாயைத் திறக்காதே என்றுதான் வக்கீல் சொன்னார். அவள் திறந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன், அவள் அடுத்ததைச் சொன்னாள். இடையில் ஒரு முறை அழுதபோது தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள்கூடப் பாராட்டினீர்கள், "இந்தப் பொண்ணு உங்களை எவ்வளவு நம்புது" என்று. அந்த நம்பிக்கை உறவைப் பற்றித்தான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். பெயரை மாற்றித்தான் எழுதினேன். மிக உயர்ந்த வகுப்பில் தேறினேன். அம்மா ஆலையில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள்.

அதன் பிறகு பிராக்கன் ஹில் அமைதியாகிவிட்டது. அதுதான் கோளாறு. டார்சியைப் பூட்டி வைத்ததும் தீ நின்றது, தீ நின்றதும் கவுன்சில் அம்மாள் புன்னகையோடு வந்தார். "பிரச்சனை தீர்ந்துருச்சு கிரெய்க், இனிமே கிளப் எதுக்கு?" கிரெய்க் அன்றைக்குக் கிண்டல் பேசவில்லை. நைஜலின் திருகாணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகவே போன வியாழக்கிழமை கூடத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகை. டார்சிக்காகத்தான் செய்தேன். அவள் உள்ளே இருக்கும்போது தீப்பற்றினால் அவள் இல்லை என்று உங்களுக்கே புரியுமல்லவா. வந்து வாயால் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்ச்சொல்லை யார் மதிக்கிறார்கள்? ஆதாரம் வேண்டும் என்று இரண்டு வருடம் படித்திருக்கிறேன். காற்று திரும்பிக் கூடத்தின் கூரை பிடித்துக்கொண்டது வருத்தம்தான். எப்படியும் ஒழுகுகிற கூரை. எதிர்வீட்டு அழைப்புமணிக் கேமராவில் நான் குதித்துக் குதித்து ஓடுவது பதிவாகியிருக்கிறது என்றீர்கள். ஓடினேன். அவ்வளவு லேசாக இருந்தது உடம்பு.

ஆமாம், எல்லாம் நான்தான். தொட்டி, மெத்தை, புறாக்கள், கூடம். டெரெக்கின் கைகளும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவளைப் பார்க்க மூன்று முறை போனேன், மூன்று முறையும் வர மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை; தானாக வர வேண்டும். இப்போது அவளிடம் புது வாக்குமூலம் வாங்குவீர்கள், இல்லையா? அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, பக்கத்தில் யாராவது உட்கார வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு வசதி.