ஜெட்டுக்கு வெள்ளை, ஃபேனுக்குச் சிவப்பு

— இன்னா மாமா இது? மீனம்பாக்கத்துல பைலட் லைசன்ஸ் வாங்கிகினு வந்து நிக்கிறேன். ரெண்டு கம்பெனி கூப்புடுது. எதுல சேர்றதுன்னு அம்மன் முன்னால பூக்கட்டிப் போட்டுப் பாத்தியாமே?

— பின்ன? என் மூணு மீன்புடி போட்டும் ஆத்தா உத்தரவுல வாங்குனதுதான்டா மாயவா. வெள்ளப்பூ வந்தா ஜெட்டு கம்பெனி, சேப்பு வந்தா அந்த ஃபேனு வெச்ச பிளேன் கம்பெனின்னு வேண்டிகினு, கண்ண மூடிகினு ஒரு பொட்டலத்த எடுத்தேன். வெள்ள! முடிஞ்சிச்சு. ஜெட்டுதான்.

— எனக்கு ஃபேன் வெச்சதுதான் மாமா வேணும். அடுத்த மாசமே பறக்கலாம். மெட்ராஸ், திருச்சி, மதுரை. ஒரு சுத்து சுத்திட்டு, சாயங்காலம் மகாபலிபுரத்துல அம்சா பக்கத்துல ஒக்காந்துடலாம்.

— அடப்பாவி! என் பொண்ணக் கட்டிக்கப் போறவன் ஜெட்டு ஓட்டப் போறான்னு செங்கல்பட்டு மார்க்கெட்டுல சொன்னேன். தராசு அப்டியே நின்னுபோச்சு. கூடையில கெடந்த வஞ்சிரம் ஒண்ணு எழுந்து ஒக்காந்துச்சு. கல்பாக்கத்துல அணு ஆலை கட்டுற இஞ்சினீருங்க வரிசையில வந்து கும்புடு போட்டானுங்க. இப்பப் போயி, வூட்டு உத்தரத்துல சுத்துறத ரெக்கையில மாட்டிகினு பறக்குறான்னா?

— அந்த ஃபேன சுத்துறதே உள்ள இருக்கிற ஜெட் இஞ்சின்தான் மாமா. டர்போப்ராப்புன்னு பேரு.

— இன்னாது? உள்ள ஜெட்டா?

— ஆமா.

— வெளிய ஃபேனா?

— ஆமா மாமா.

— அப்போ ஆத்தா சொன்னது உள்ள கீறதயா, வெளிய கீறதயா? பேஜாரு பண்றியேடா! அது சரி, ஃபேனு காத்த கீழதானே வுடும், பிளேனு எப்டி மேல போவும்?

— அத அப்பறம் சொல்றேன். நாளைக்குக் காலைல மெட்ராஸ் போயி ரெண்டுல ஒருத்தனுக்கு சரின்னு சொல்லணும். இல்லேன்னா ரெண்டு எடமும் போயிடும்.

— அப்ப ஜெட்டுக்கே சொல்லித் தொலையேன். அதுல இன்னா கொற?

— ரெண்டு வருஷம் படிப்பு, பரீட்சைன்னு தரையிலயே ஒக்கார வெப்பானுங்க. அதுவும் பம்பாய்ல.

— பம்பாய்லயா? நீ மட்டுந்தானே போவே?

— கல்யாணம் ஆனப்பறம் அம்சாவ இங்க வுட்டுட்டா போவேன்?

— என் பொண்ணு பம்பாய்க்கா! மாப்ள... ஃபேனு நல்ல சாமான்யா. ஜெட்டுல இன்னா கீது, பொக!

— அப்ப ஆத்தா உத்தரவு?

— இன்னொரு தபா கேட்டாப் போச்சு. எங்கப்பன் ஒரு வலைக்கு ஏழு தபா கேட்டான், ஆத்தாவே அலுத்துப்போயி சரின்னுடுச்சு. அம்சா! ஏ அம்சா! இங்க வாம்மா. காலைல கட்டுனியே, அதே மாதிரி ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல சேப்பு வெச்சு கட்டிக் குடு.

— எத்தினி தபா எடுத்தாலும் வெள்ளதான் வரும் நைனா.

— அதெப்டி?

— ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளதான் வெச்சேன்.

— அடிப்பாவி! ஆத்தாகிட்டயேவா?

— ஏன் அம்சா? தெனம் வூட்டுக்கு வரணும்னுதானே நான் ஃபேன் பிளேன் கேட்டேன். உனக்காவத்தானே?

— பம்பாய்ல வூடு எடுக்கலாம்னு நீ சொன்ன அன்னிக்குத்தான் மச்சான், உன்னக் கட்டிக்கிறேன்னு நான் சொன்னேன்.