உப்புத் தண்ணிக்குத் தாங்குமா

பூந்தமல்லி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும். அந்தம்மாவின் விரல் இடுக்கெல்லாம் புண், ஊதா மருந்து தடவியிருந்தது.

“பாத்திரம் கழுவுற மெஷின்லயே இதான் வெல கம்மி. ஆனா சமையல் மேடைய ஒடைச்சு உள்ள பதிக்கணுமாம்,” என்றார் அவர், கடையில் கொடுத்த படத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக.

“பதிச்சுடுங்க. கையில ஈரமே படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?”

“பத்து வருசம் தாங்கும்ன்றான். நம்ம போர் தண்ணி உப்புக்கு ரெண்டு வருசம் தாங்குமா? மெஷினும் போயி மேடையும் பூடும்.”

“ரெண்டு வருசம் போதும். அதுக்குள்ள கை ஆறிடும்.”

அவர் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“இன்னாத்துக்கு மெஷினு? நானே கழுவறேன்.”

“நீங்க எத்தினி நாளு தாங்குவீங்க?”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

காட்டுப்பாக்கத்தில் பிள்ளையார் கோயில் வந்தது. அந்தம்மா கும்பிடக் கையைத் தூக்கினார். வீங்கிய விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அந்தம்மாவுக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொண்டேன்.

அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த புருஷன் படத்தைச் சட்டைப்பையில் வைத்தார்.

“நாளைக்கு கொத்தனார வரச் சொல்றேன்.”