கிளடிஸுக்கு நேரலையில் ஓர் அஞ்சலி

— உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் மக்களே! அகில உலகத் தமிழ்ப் பறவை நோக்குநர் பேரவையின் தாபகத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா ஆகிய நான், ஒன்ராறியோ வாவியைப் பார்த்திருக்கும் இந்த ஸ்காபரோ மலைமுகட்டிலிருந்து, வரலாற்றில் முதன்முறையாக...

— அங்கிள், லைவ் இன்னும் தொடங்கேல்ல.

— தொடங்கேல்லயோ? அப்ப என்னத்துக்குப் பிள்ளை கையைக் காட்டினனீர்?

— பருந்தைக் காட்டினனான். உங்கட தலைக்கு மேலால ஒரு கூட்டமே போகுது.

— அதுகள் ஒக்டோபர் முழுக்கப் போகுங்கள். றெமிஜியஸ், உம்மட மனுசி கிளடிஸின்ர படத்தை நெஞ்சோட பிடியும். விளிம்புக்குப் போகாதையும், பிறகு ரெண்டு அஞ்சலி வைக்கவேண்டி வரும்.

— ஓம் அண்ணை.

— நான் முடிக்க நீர் ரெண்டு வசனம். 'பேரவையின் ஒப்பற்ற குயில்' எண்டு தொடங்கும்.

— குயில் அவவுக்குப் பிடிக்காது அண்ணை. காகத்தின்ர கூட்டில முட்டையைப் போட்டிட்டுப் போற சாதி எண்டுவா.

— ஐயோ, காத்து போன் ஸ்ராண்டைத் தள்ளிப்போட்டுது! பொறுங்கோ, காருக்க டேப் கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்.

— அப்பா, அவர் போயிட்டார். வந்த உடன சொல்லுங்கோ.

— என்னத்தை, செரீனா?

— அம்மா சாகேல்ல எண்டு! ஏப்ரலில உங்களை விட்டிட்டுப் போனவ. தட்ஸ் ஆல்.

— செத்திட்டா எண்டு நான் ஆருக்கும் சொல்லேல்லயே. அவவின்ர பிறந்தநாளுக்குப் பேரவையின்ர வட்ஸ்அப் குறூப்பில படம் போட்டன். அன்புராசா 'ஆழ்ந்த இரங்கல்' எண்டு போட்டான். பிறகு எல்லாரும் போட்டவை.

— எப்ப, எப்பிடி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லயா?

— செத்தவீடு குடும்பத்தோட முடிச்சாச்சோ எண்டு கேட்டவை. கொத்துரொட்டி கொண்டந்து தந்தவை. திண்டன்.

— அப்பா, சீரியஸ்லி!

— அவவும் அந்தக் குறூப்பில இருக்கிறா, பிள்ளை. என்ர கோல் எடுக்கிறேல்ல. மெசேஜுக்குப் பதில் இல்லை. இந்த இரங்கலுகளைப் பாத்தாலாவது, 'நான் உயிரோட இருக்கிறன், விசர் மனுசா' எண்டு ஒருக்கா ஏசுவா எண்டு நினைச்சன்.

— அதுக்காக அம்மாவைச் சாக விட்டனீங்களோ?

— எனக்கு ஒரு ஏச்சுப் போதும்.

— வந்திட்டன்! டேப் ஒட்டியாச்சு. லிங்கைக் குறூப்பில போட்டாச்சு. செரீனா, அமத்தும்.

— அமத்தீட்டன், அங்கிள். லைவ் போகுது.

— பெருமதிப்புக்குரிய தமிழ் மக்களே! மறைந்தும் மறையாத எங்கள் கிளடிஸ் அவர்களுக்காக இப்போது ஒரு நிமிட மௌனம். மௌனம் என்பது, ஆன்றோர் கூறியபடி, பேசாமல் இருப்பது. பேசாமல் இருப்பதென்றால் என்ன? மனதாலும் பேசாமல் இருப்பது. ஆனபடியால்...

— அப்பா, இஞ்ச பாருங்கோ. அம்மாவின்ர பேர் வருது. லைவ்வைப் பாக்கிறா.

— பாக்கிறாவோ? உண்மையாவோ?

— ஓம். கொமென்ற் போட்டிருக்கிறா.

— ஏசுறாவோ? வாசி பிள்ளை, வாசி.

— ஏசேல்ல அப்பா. எல்லாரும் போட்ட மாதிரி ஒரு கும்பிடுற கை போட்டிருக்கிறா.