வாளிகள் நிறைந்த வியாழக்கிழமை

மீந்த ரசத்தைப் பச்சை வாளியில் ஊற்றக்கூடாது என்று தெருவில் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறிச் சொல்லியிருந்தேன். சாதம் போடலாம், காய்கறித் தோல் போடலாம், காப்பிச் சக்கை போடலாம். ரசமும் மோரும் மட்டும் வேண்டாம், நாறிவிடும். இது கூடப் புரியாதவர்களோடுதான் நான் இத்தனை நாளும் குப்பை கொட்ட வேண்டியிருந்தது.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் வெங்கடரமணன். மந்தைவெளியில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சமையல் கழிவை மட்டும் வாரம் ஒருமுறை வீடு வீடாக வந்து தனியாக எடுத்துப்போகும் திட்டத்தை மாநகராட்சி போன வருஷம், தொண்ணூற்றாறில், சோதனையாக ஒரே ஒரு தெருவில் தொடங்கியது. நடையாய் நடந்து அதை எங்கள் தெருவுக்கு வாங்கி வந்தவன் நான். வீட்டுக்கு ஒரு பச்சை வாளி. வியாழக்கிழமை காலையில் மூன்று சக்கர வண்டி வரும். ரிட்டயரான பிறகு வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வாளி வந்ததும் தெருவே என்னைக் கேட்டது. பிள்ளைகள் 'குப்பை மாமா' என்று கூப்பிட்டார்கள். கேலிதான், தெரியும். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் வாளிகள் நிறையவில்லை. வண்டிக்காரன் வேலு ஒவ்வொரு வாசலிலும் வாளியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். காரணம் ஒரு பசு. கால்வாய் ஓரம் கொட்டகை போட்டிருந்த அசோகனுடையது. காலையில் அவிழ்த்துவிட்டால் அது நேராக எங்கள் தெருவுக்கு வந்து வாசல் வாசலாக நிற்கும். பழைய சாதம், பூசணித் தோல், வாழை இலை எல்லாம் அதன் வாய்க்குத்தான் போகும். கும்பிட்டுவிட்டு வேறு போடுவார்கள்.

மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் ஹபீபுர் ரஹ்மான் ஒருநாள் பார்க்க வந்தார். நல்ல மனிதர். முதலில் என் வீட்டு வாளியைத்தான் திறந்தார். அடியில் காப்பிச் சக்கை மட்டும் இருந்தது.

"சார், உங்க தெருவுல குப்பையே இல்லையே. அடுத்த வியாழனும் இப்படியே இருந்தா வண்டியை வேற தெருவுக்கு மாத்திடுவாங்க" என்றார்.

அவர் போனதும் என் மனைவி விஜயலக்ஷ்மியைக் கேட்டேன். அவள் முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. "வாசல்ல பசு வந்து நின்னுண்டிருக்கறச்சே வாளியில கொண்டு போய்க் கொட்டறது மகாபாவமாக்கும்" என்றாள். என் மானம் போனது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அசோகனிடம் போய் மாட்டைக் கட்டிப்போடச் சொன்னேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

"இன்னா ஐயரே, கட்டிப் போட்டா தீனி யாரு போடுவா? நீ போடுவியா? அது பாட்டுக்குப் போய்க்கினு வந்துக்கினு கீது. உனுக்கு இன்னா இப்போ?" என்றான்.

எனக்கு இன்னா என்று அவனுக்கு எப்படிப் புரியும்? சாதத்தில் வெல்லமும் எலி மருந்தும் பிசைந்து ஓர் இலையில் கட்டி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பசு வந்து என் மணிக்கட்டை நக்கியது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பசுவைக் கொன்ற தோஷம் தலைமுறை தலைமுறைக்கும் தீராது. உள்ளே வந்துவிட்டேன். மருந்து கலந்ததைப் பச்சை வாளியில் போடக்கூடாது என்பதால் பொட்டலத்தைப் பரண்மேல் வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பசுவின்மேல் என்ன தப்பு? அது வாயில்லா ஜீவன். அதை அவிழ்த்துவிடுகிறவன் ஒருவன் இருக்கிறானே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். கிரிக்கெட் நடந்துகொண்டிருந்ததால் எல்லோரும் டிவி முன்னால் இருந்தார்கள். அசோகனின் பெண்டாட்டி செண்பகம் வேலைக்குப் போயிருந்தாள். அவன் குந்தியபடி சாணி வழித்துக்கொண்டிருந்தான். மாட்டைக் கொஞ்சம் வெளியே கட்டேன், பேசணும் என்றேன்.

"அது முட்டாது ஐயரே" என்று சிரித்துக்கொண்டே போய் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தான். பசுவின் கண்ணெதிரே எதுவும் நடக்கக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

முளை அடிக்கிற சம்மட்டி சுவரோரம் கிடந்தது. அவன் மறுபடி குனிந்தபோது எடுத்தேன். முதல் அடி குறி தவறித் தோளில் விழுந்தது. திரும்பிப் பார்த்து, "ஐயரே, நாந்தான், அசோகன்" என்றான். ஆள் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான், பாவம். அடுத்தது காதுக்கு மேலே. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். விழுந்த பிறகும் என் வேட்டியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. அப்புறம் முகத்தில், மூச்சு அடங்கும்வரை. நடுவில் விக்கெட் ஏதோ விழுந்திருக்க வேண்டும், வீடுகளிலிருந்து ஒரே கூச்சல். எனக்கும் மூச்சு வாங்கியது. இந்த வயதில் முடிகிற வேலையா அது?

கை கால் கழுவிக்கொண்டு, பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன்.

செண்பகத்தால் மாட்டைத் தனியாக வைத்துப் பராமரிக்க முடியவில்லை. நானே முன்நின்று அதைக் கோசாலையில் சேர்த்தேன். அந்த வியாழக்கிழமை எல்லா வாளிகளும் நிறைந்திருந்தன. வண்டி கொள்ளவில்லை. ரஹ்மான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வேலுவோடு வாளி எடுக்கும் வேலையைச் செண்பகத்துக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என் வீட்டு வாளியை அவள்தான் தூக்குகிறாள். கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

நீங்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. நானாகத்தான் வந்தேன். போன வாரம் பரணைச் சுத்தம் செய்த விஜயலக்ஷ்மி பொட்டலத்தைப் பிரித்து, காய்ந்த வெல்லச் சாதத்தில் எலி மருந்து இருப்பதைப் பார்த்துவிட்டாள். "பசுவுக்கா விஷம் வெக்கப் பார்த்தேள்?" என்று ஒரே கேள்வி. அன்றே ஆதம்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். இப்போது தெருவில் யாரும் என் முகத்தில் விழிப்பதில்லை. என்னால் தாங்க முடியவில்லை, சார்.

அசோகனை அடித்தது நான்தான், அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பசு கோசாலையில் கொழுகொழுவென்று இருக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள். ஓர் உயிரை எடுக்க எனக்கு மனசு வராது.