பச்சைத் தலையணை உறை

குங்குமத்தைப் படம் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை, சார். டிஜிட்டலில் கலராக எடுத்தால் சிவப்பு தூக்கலாக அடிக்கும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து குறைக்க வேண்டும். ஃபிலிமில் எடுத்துப் பிரிண்ட் போட்டால் வைத்தது வைத்தபடி வரும். கருப்பு வெள்ளையில் அந்தத் தொல்லையே இல்லை. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிற எனக்கு இதெல்லாம் அத்துப்படி.

என் மனைவி செண்பகத்துக்கு மூச்சு இழுப்பு உண்டு. தெருவுக்கே தெரியும். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்று நான் சொன்னதும் நம்பினார்கள். மாமியார் கன்னியம்மா வேப்பம்பட்டிலிருந்து வந்து மேலே விழுந்து அழுதார். பிறகு, "சுமங்கலியா போய்ட்டா. பொட்டும் பூவுமா இப்டியே ஒரு போட்டோ எட்த்துடுங்க மாப்ள" என்றார்.

கேமராவில் கண்ணை வைத்தபோதுதான் பார்த்தேன். அவள் தலைக்குப் பக்கத்தில், பச்சைத் தலையணை உறையில், அழுந்திய குங்குமப் பொட்டு. தலையணையை நகர்த்தலாமென்றால் அத்தையின் கை அதன்மேல் இருந்தது. கேமராவைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றி எடுத்தேன். பாயும் தலையணையும் வழக்கப்படி பிணத்தோடு போயின.

பிரிண்ட்டைப் பார்த்த அத்தைக்கு மனசு ஆறவில்லை. "சுமங்கலிக்குக் கருப்புப் பொட்டா மாப்ள? மூளியாட்டம் கீறா. போவட்டும், யேசுதாஸும் ஒண்ணு எட்த்துகினான். ரோல் முடிஞ்சா கழுவித் தரேன்னான்."

யேசுதாஸ் பக்கத்து வீட்டுக்காரன். நான் படமெடுத்தபோது ஃபிலிம் கேமராவோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். ரோலில் பாதி பாக்கி. பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அவன் வீட்டில் விசேஷம் என்றால், ரோல் தீர்ந்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்காது. கேமராவின் பின்மூடியை ஒரு நொடி திறந்தால் போதும், படம் பாழ். அதற்காகவே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தான்.

நேற்று அத்தை யேசுதாஸின் கலர் பிரிண்ட்டை என் முன்னால் வைத்தார். "இவ நெத்தில பொட்டு கலையவே இல்ல. அப்போ தலகாணில கீறது இன்னா?" என்றார். அதுவரை மாப்ள என்றவர், "சொல்டா" என்றார்.

நெற்றியில் இருந்தது நான் வைத்த பொட்டு, சார். கலைந்திருந்ததைத் துடைத்துவிட்டு அழகாக வைத்தேன். தொழில் புத்தி.

கோபத்தில் செய்யவில்லை. அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று பையில் துணியை அடைத்துக்கொண்டே பேசினாள். படமெடுக்க வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னேன்: அசையாமல் இரு. கேட்கவில்லை. கட்டிலில் சாய்த்து, தலையணையை முகத்தில் வைத்து, அசைவு நிற்கும்வரை பிடித்துக்கொண்டேன். இழுப்புக்காரி, அதிக நேரம் ஆகவில்லை.

அந்தக் கலர் படத்தைத் தயவுசெய்து கவிழ்த்து வையுங்கள், இன்ஸ்பெக்டர் சார். நான் எடுத்ததைப் பாருங்கள். எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாள். அதில் நான் ஒன்றும் செய்யவில்லை.